மகரந்தமும் மனித உடலும்: பருவகால ஒவ்வாமைக்கு உடலை ஆயத்தஞ் செய்யும் முயற்சியின் வரலாறு

பருவங்கள் மாறுதலும், அம்மாற்றத்தோடு மனிதர் உடலிற் சிற்சில நோய்கள் தோன்றி மறைதலும் மிகப் பழங்காலந்தொட்டே அவதானிக்கப்பட்டு வந்துள்ளன. நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், அது வரும் பருவத்துக்கு முன்னரே உடலை ஆயத்தஞ் செய்துகொள்ளுதல் சாலச் சிறந்தது என்னுங் கருத்தும் ஏறக்குறைய அத்துணைப் பழமை வாய்ந்ததாகும். இந்திய மருத்துவத்தின் மூல நூல்களுள் ஒன்றான சரக சங்கிதையில் இதற்கெனத் தனி அத்தியாயமே உண்டு. குளிர்காலத்தில் உடலிற் சேரும் கபம் வேனிலின் வெயிலால் இளகி நோயை விளைவிக்கும் என்றும், ஆகையால் அப்பருவத்தில் வமனம் முதலிய முறைகளால் அதனை வெளியேற்றல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. ஆண்டுதோறும் மூன்று பருவங்களில், வானம் முகிலின்றித் தெளிந்திருக்கும் நாள்களில், மூக்கில் மருந்தெண்ணெய் இடவேண்டும் எனவும் அது கூறும். நசியம் எனப்படும் இம்முறை சித்த மருத்துவத்திலும் இன்றுவரை வழக்கில் உள்ளது.

பாரசீகத்தின் ரே நகரத்திற் பிறந்து 925 ஆம் ஆண்டளவில் மறைந்த அல் ராசி என்னும் பெரும் மருத்துவர், வேனிற்காலத்தில் ரோசாமலர் மணம் வீசுங் காலத்தில் மட்டும் ஒருவருக்குத் தடிமன் உண்டாவது ஏன் என ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதியுள்ளார். பருவகால ஒவ்வாமையெனத் தயக்கமின்றிக் கூறத்தக்க நிலையொன்றைத் தனியே எடுத்து ஆராய்ந்த மிகப் பழைய எழுத்துக்களுள் இஃது ஒன்றாகும்.

ஆயினும், சரகர் கூறிய கபமோ அல் ராசி ஐயுற்ற மணமோ இந்நோயின் மெய்யான காரணம் அன்று. காரணம் அறியப்படாத நிலையிற் செய்யப்படும் ஆயத்தம் எத்தகையதாக இருக்கும், காரணம் அறியப்பட்டபின் அது எவ்வாறு மாறும் என்னும் வினாவுக்கு விடை தேட விரும்புவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும். அங்கு மருத்துவர் சிலர் தத்தம் உடலையே ஆய்வுகூடமாக்கிக் கொண்ட வரலாறு ஏறத்தாழ நூறாண்டு நீண்டது.

அவ்வரலாற்றின் முதல் நோயாளி யோன் பொஸ்ரொக் என்னும் மருத்துவர். 1773 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1819 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16 ஆந் திகதி இலண்டன் மருத்துவ, அறுவை மருத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். ஆண்டுதோறும் யூன் மாத நடுப்பகுதியில் கண் சிவந்து அரித்து நீர் சொரிதல், அடுக்கடுக்கான தும்மல், மார்பிறுக்கம், மூச்சு முட்டுதல், உடற்சோர்வு ஆகியவற்றால் வருந்தும் நாற்பத்தாறு வயதான ஒருவரின் நோய்நிலையை அக்கட்டுரை விவரித்தது. அந்நோயாளி பொஸ்ரொக்கே. சிறுபராயந்தொட்டே அவருக்கு இந்நோய் இருந்து வந்தது.

அவர் மேற்கொண்ட சிகிச்சைகளின் பட்டியல் மருத்துவ வரலாற்றிலே பரிதாபத்துக்குரிய ஒன்றெனலாம். குருதி வடித்தல், பேதி மருந்து, தோலிற் கொப்புளம் எழுப்பும் பூச்சு, அரைவயிற்று உணவு, சின்கோனாப் பட்டை, இரும்புச் சத்து, அபின், பாதரசம், குளிர்நீர்க் குளியல், டிஜிற்றாலிஸ், கண்ணுக்குப் பலவகைக் கழுவுநீர்கள் என அக்கால மருத்துவத்தின் களஞ்சியம் முழுவதையும் அவர் தம்மேற் பிரயோகித்துப் பார்த்தார். இவற்றுட் பலவற்றை இன்று விரும்பிக் கூறப்படும் சொல்லால் ‘இயற்கை முறைகள்’ என்றே குறிக்கலாம். குளியலும் உபவாசமும் மரப்பட்டையும் இயற்கையன்றி வேறென்ன? எதனாலும் நிலையான பயன் விளையவில்லை. ராம்ஸ்கேற் என்னுங் கடற்கரை ஊரில், கடலை நோக்கிய வீட்டில் கோடையைக் கழித்தபோது மட்டுமே அவருக்கு ஓரளவு ஆறுதல் கிட்டியது. கடலிலிருந்து வீசுங் காற்றில் மகரந்தம் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது இன்று எளிதில் விளங்குகின்றது. அவருக்கு அது விளங்கவில்லை.

1828 ஆம் ஆண்டில் பொஸ்ரொக் இருபத்தெட்டு நோயாளரைப் பற்றிய இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். அதற்கிடையிற் பொதுமக்கள் இந்நோய்க்குத் தாமே ஒரு பெயரை வைத்துவிட்டனர். வெட்டி உலர்த்திய புல்லின் ஆவியே நோயை விளைவிக்கின்றது என நம்பி அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரே தமிழில் ‘வைக்கோற் காய்ச்சல்’ என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. இத்தமிழ்ப் பெயர் இரட்டை வழுவுடையது. மூலப்பெயரே காய்ச்சலல்லாத ஒன்றைக் காய்ச்சல் என்கின்றது. மொழிபெயர்ப்போ, கால்நடைக்காக உலர்த்தப்படும் பசும்புல்லை நெல்லடித்தபின் எஞ்சும் வைக்கோலாக்கிவிட்டது. வேறு பெயர் வழக்கில் நிலைபெறாமையால் இக்கட்டுரையிலும் அதுவே கையாளப்படுகின்றது. பொஸ்ரொக் பொதுமக்களின் எண்ணத்தை ஏற்க மறுத்தார். கோடையின் வெப்பமும் வெயிலுமே காரணம் என்பது அவர் துணிபு. கற்ற மருத்துவரினும் கல்லாத உழவரே உண்மைக்கு அண்மையில் நின்றனர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

அவரது இரண்டாங் கட்டுரையில் இன்னொரு குறிப்பும் உண்டு. நடுத்தர வகுப்பினரிடமும் மேல்வகுப்பினரிடமுமே இந்நோயைக் கண்டதாகவும், ஏழைகளிடையே ஐயத்துக்கிடமற்ற ஒரு நோயாளரைத்தானும் காணவில்லை எனவும் அவர் எழுதினார். இக்குறிப்பு அந்நூற்றாண்டு முழுவதும் வளர்ந்து விகாரமடைந்தது. அமெரிக்க மருத்துவர் யோர்ஜ் பியேட் 1876 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை நாகரிக வாழ்வின் நரம்புத் தளர்ச்சியோடு தொடர்புபடுத்தினார். 1880 களில் இலண்டன் மருத்துவர் மோறல் மக்கென்சி, இந்நோய் பெரும்பாலும் ஆங்கிலேயரையும் அமெரிக்கரையுமே பற்றுவதாகக் கூறி, அதனை அவ்வினத்தாரின் பண்பாட்டு உயர்வுக்குச் சான்றாகவே காட்டினார். தும்மலையும் இனப்பெருமைக்கு ஆதாரமாக்கிய இக்கூற்று அன்றைய பேரரசு மனப்பான்மையின் வெளிப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெருமையை ஒதுக்கிவிட்டு நோக்கினால் அதனடியில் உண்மையான ஒரு வினா கிடந்தது. புல்வெளியில் நாள்முழுதும் உழைக்கும் ஏழை உழவனுக்கு வராத நோய், வீட்டினுள் அமர்ந்து நூல் வாசிக்கும் குருமாருக்கும் மருத்துவருக்கும் வருவது எவ்வாறு?

இவ்வினாவைச் செம்மையாக எழுப்பியவர் மன்செஸ்ரர் நகரில் ஹோமியோபதி மருத்துவராக விளங்கிய சாள்ஸ் பிளாக்லி (1820–1900) ஆவார். அவரும் இந்நோயால் வருந்தியவரே. ஒருநாள் தம் வீட்டு அறையிற் குழந்தைகள் பூத்த புற்கொத்தொன்றை வைத்திருக்கக் கண்டு அதனை அசைத்தார். முகத்தெதிரே எழுந்த மெல்லிய தூள் உடனே தும்மலைத் தந்தது. 1859 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இத்தூளை, அதாவது மகரந்தத்தை, அவர் விடாது ஆராய்ந்தார். கோடை நோய் என்று கூறப்பட்டதாதலால், மகரந்தத்தைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் முகர்ந்து பார்த்தார். வெயிலற்ற அக்காலத்திலும் நோய் தோன்றியது. தம் கையின் தோலைச் சற்றே சுரண்டி ஈரமான மகரந்தத்தை வைத்துக் கட்டினார். அவ்விடம் அரித்துத் தடித்தது. இன்றுங் கையாளப்படும் தோற்பரிசோதனையின் முன்னோடி இதுவே. ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்து, ஒரு நாளில் எத்தனை மகரந்தமணிகள் விழுகின்றன என உருப்பெருக்கியின்கீழ் எண்ணினார். மணிகளின் எண்ணிக்கை ஏறும்போது தம் நோயும் ஏறுவதைக் கண்டார். தகடுகளைப் பட்டத்திற் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் உயர்த்தியபோதும் அவற்றில் மகரந்தம் படிந்திருந்தது. தூரத்துப் புல்வெளியின் மகரந்தம் நகரத்தவரை அடையும் வழி இதனால் விளங்கியது.

இவற்றையெல்லாம் தொகுத்து 1873 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் உழவர் பற்றிய வினாவும் இடம்பெற்றது. மற்றெவரினும் மிகுதியாக மகரந்தத்தைச் சுவாசிக்கும் உழவர் நோயுறாமைக்கு இரு விளக்கங்கள் இருத்தல் கூடும் என்றார் பிளாக்லி. ஒன்று, கல்விப் பயிற்சி உடலில் விளைவிக்கும் மெல்லியல்பு அவர்களிடத்து இல்லாமை. மற்றையது, இடைவிடாது மகரந்தத்தோடு பழகியமையால் அவர்களின் உடல் அதற்கு மசியாத தன்மையைப் பெற்றுவிட்டமை. முதலாவது விளக்கம் அக்காலத்தின் தப்பெண்ணம். இரண்டாவது, பின்வந்த ஆராய்ச்சி முழுவதற்கும் வித்து. பகைப்பொருளோடு பழகிப் பழகி அதனைத் தாங்கும் வலிமை பெறுதல் என்னுங் கருத்து மருத்துவத்திற்குப் புதியதன்று. அம்மைப்பால் குத்துதல் ஏற்கெனவே வழக்கில் இருந்தது. பருவகாலத் தும்மலுக்கு அது பொருந்தலாம் என்பதே புதுமை. ஆயினும் அக்கருதுகோள் பயன்தரும் சிகிச்சையாகப் பிளாக்லியின் கையில் உருப்பெறவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மருத்துவர் மொறில் வைமன், ஓகத்து மாத இறுதியில் ஆண்டுதோறும் தம்மைப் பற்றிய நோயை ஆராய்ந்து 1872 ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். இதற்குக் காரணம் புல்லன்று, ‘ரக்வீட்’ என்னுங் களைச்செடியே என அவர் ஐயுற்றார். நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைப்பகுதியில் அச்செடி அருமையாதலால் அங்கு சென்றவுடன் நோய் நீங்கியது. பொதியிற் கட்டி அங்கு கொண்டுசென்ற ரக்வீட்டை முகர்ந்தபோது நோய் திரும்பியது. காரணத்தை நிறுவ இதனினும் எளிய சோதனை வேண்டுவதில்லை. ஆயினும் மக்கள் எடுத்துக்கொண்டது சோதனையை அன்று, பயணத்தையே. பெத்லகேம் என்னும் மலையூரில் 1874 ஆம் ஆண்டு வைக்கோற் காய்ச்சற் சங்கமொன்று தோன்றியது. ஆண்டுதோறும் செல்வர் அங்கு திரண்டனர், விடுதிகள் பெருகின. பருவத்துக்கு முன் ஆயத்தஞ் செய்தல் என்பது அவர்களுக்குப் பெட்டி கட்டுதலாக முடிந்தது. பண்ணைக் கூலியாளுக்கு அத்தகைய ஆயத்தம் கைகூடுவதன்று எனக் கூறவேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்ணுயிரியலின் செல்வாக்கு எங்கும் பரவியிருந்தது. நோயென்றால் நச்சு, நச்சென்றால் அதற்கு மாற்று என்று கருதப்பட்ட காலம் அது. ஹம்பேர்க் நகரில் வில்லியம் டன்பார் மகரந்தத்தில் ஒரு நஞ்சு உண்டெனக் கருதி, அதனைக் குதிரைகளுக்கு ஊசிமூலம் ஏற்றி, அவற்றின் குருதியினின்று பிரித்தெடுத்த தெளிநீரை 1903 ஆம் ஆண்டளவில் ‘பொலன்ரின்’ என்னும் பெயரில் மருந்தாக அறிமுகப்படுத்தினார். குதிரை பெற்ற வலிமையை மனிதருக்கு இரவல் வழங்கும் முயற்சி இது. இரவல் நிலைக்கவில்லை.

இலண்டன் சென் மேரீஸ் மருத்துவமனையில் அல்ம்றொத் றைற் என்பவரின் தலைமையில் இயங்கிய தடுப்பூசிப் பகுதியில் லெனாட் நூன் என்னும் இளம் மருத்துவர் வேறுவகையாகச் சிந்தித்தார். குதிரைக்கு ஏற்றுவதை நோயாளிக்கே ஏன் ஏற்றலாகாது? திமொதி எனப்படும் புல்லின் மகரந்தத்தை நீரில் ஊறவைத்து அவர் சாறு எடுத்தார். ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து கிடைப்பதை ஓர் அலகாகக் கொண்டார். நோயாளியின் உடல் எந்த அளவைத் தாங்கும் என்பதை அறிய அவர் கண்ட வழியும் எளியது. வெவ்வேறு செறிவுள்ள சாற்றைத் துளித்துளியாகக் கண்ணில் விட்டு, கண்ணைச் சிவக்கச் செய்யும் மிகக் குறைந்த செறிவைக் குறித்துக்கொண்டார். பின்னர் மிகச்சிறிய அளவில் தொடங்கி, நாளிடைவெளி விட்டு, படிப்படியாக உயர்த்தித் தோலின்கீழ் ஊசி ஏற்றினார். இது புல் பூக்கும் பருவத்துக்கு முன்னரே செய்யப்படவேண்டியது. அளவு மிகுந்தாலோ இடைவெளி குறைந்தாலோ உடல் வலிமை பெறுவதற்கு மாறாக முன்னிலும் கூடுதலாக நொய்மையுறும் என்பதையும் அவர் அவதானித்து எழுதினார். 1911 ஆம் ஆண்டு யூன் 10 ஆந் திகதி லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த அச்சிறு கட்டுரை சில பக்கங்களே கொண்டது.

நூன் காசநோயால் வருந்திக்கொண்டிருந்தார். 1913 ஆம் ஆண்டில், நாற்பது வயதையும் எட்டாது மறைந்தார். அவரது பணியை நண்பர் யோன் பிரீமன் தொடர்ந்தார். 1911 ஆம் ஆண்டு செத்தெம்பரிலேயே இருபது நோயாளருக்கு இம்முறையைக் கையாண்ட விவரத்தை அவர் வெளியிட்டிருந்தார். பெரும்பாலோர் நலம் பெற்றதாக அதிற் கூறப்பட்டது.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. நூனும் பிரீமனும் செய்தது சரி, அதற்கு அவர்கள் கூறிய விளக்கம் பிழை. மகரந்தத்தில் நஞ்சு உண்டு என்றும், பற்றீரியாவுக்கு எதிராகத் தடுப்பூசி இடுவது போன்றே தாம் அந்நஞ்சுக்கு எதிராகச் செய்கின்றனர் என்றும் அவர்கள் நம்பினர். ஆனால் மகரந்தத்தில் நஞ்சேதும் இல்லை. 1902 ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் சாள்ஸ் றிஷேயும் போல் போட்டியேயும், ஒரு பொருளை இரண்டாம் முறை மிகச் சிறிதளவில் ஏற்றியபோதும் நாய்கள் இறப்பதைக் கண்டனர். பழகுதல் எப்போதும் வலிமை தருவதில்லை, சிலவேளை கொல்லவும் கூடும் என்பது அதனால் வெளிப்பட்டது. 1906 ஆம் ஆண்டு வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்கே, அந்நியப் பொருளைச் சந்தித்த உடல் அதன்பின் மாறிய முறையிற் செயற்படுவதைக் குறிக்க ‘அலர்ஜி’ என்னும் சொல்லைப் படைத்தார். இந்நோயிற் பிழை பொருளினிடத்து இல்லை, உடல் அப்பொருளைப் பகையெனக் கொள்வதிலேயே உண்டு என்னுங் கருத்துக்கு அச்சொல் வழிவகுத்தது. நூன் ஊசி ஏற்றியபோது அச்சொல் பிறந்து ஐந்தாண்டு ஆகியிருந்தும், பிர்கேயின் கருத்து இலண்டனில் அவர்தம் சிந்தனையை மாற்றவில்லை.

இருபது நோயாளரைக் கொண்டு தொடங்கிய சிகிச்சை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய வேகம் வியப்புக்குரியது. அதனினும் வியப்புக்குரியது, அது மெய்யாகவே பயனளிக்கின்றதா என முறையாக ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த காலம். பருவத்துக்குப் பருவம் காற்றிலுள்ள மகரந்தத்தின் அளவு மாறும். மழை மிக்க ஆண்டில் ஊசி பெறாதவருக்கும் நோய் தணியும். ஆகவே ஒப்பீடின்றி எதனையும் துணிதல் இயலாது. நூனின் கட்டுரைக்கு நாற்பத்துமூன்று ஆண்டுகளின்பின், 1954 ஆம் ஆண்டில், அதே மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் பிராங்லண்டும் றோசா ஒகஸ்ரினும் இருநூறு நோயாளரைப் பிரித்து, சிலருக்கு மகரந்தச் சாறும் சிலருக்கு அதிலிருந்து பிரித்த புரதமும் மற்றையோருக்குச் செயலற்ற கரைசலும் ஏற்றி ஒப்பிட்டனர். மகரந்தப் புரதம் பெற்றோரே தெளிவாக நலமுற்றனர்.

சிறுவயது முதலே வைக்கோற் காய்ச்சலால் வருந்தியவர் பிராங்லண்ட். இரண்டாம் உலக யுத்தத்திற் சிங்கப்பூரில் யப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டவர். 2020 ஆம் ஆண்டில் 108 வயதில் மறைந்தார். தென்னமெரிக்காவுக்குரிய குருதியுண்ணும் பூச்சியொன்றை வாரந்தோறும் தம் கையிற் கடிக்கவிட்டு, உடல் அதற்குப் பழகுமா என அவர் சோதித்தார். சில வாரங்களின்பின் நேர்ந்த கடி அவரை மரணத்தின் வாயிலுக்கே கொண்டுசென்றது. உரிய அளவும் முறையும் இல்லாத பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு அவர் உடலே சான்றாகியது.

நோயின் பொறிமுறை 1966, 1967 ஆம் ஆண்டுகளிலேயே துலங்கியது. அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனில் யொகான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே ஒருவகைப் பிறபொருளெதிரியைக் கண்டறிந்தனர். 1968 ஆம் ஆண்டு முதல் அது ‘ஐ. ஜீ. ஈ.’ எனப் பெயர்பெற்றது. ஒவ்வாமை உடையோரில் இப்பிறபொருளெதிரி மூக்கு, கண் ஆகியவற்றின் சீதமென்சவ்விலுள்ள சில கலங்களில் முன்னரே ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மகரந்தம் வந்து பட்டதும் அக்கலங்கள் இஸ்ரமின் முதலிய பொருள்களைச் சொரியும். தும்மலும் நீர்வடிதலும் அதன் விளைவு. சிறிது சிறிதாக மகரந்தப் புரதத்தை ஏற்றும்போது உடல் வேறொருவகைப் பிறபொருளெதிரியை ஆக்கி, மகரந்தத்தை இடைமறிக்கின்றது. நாளடைவில், மகரந்தத்தைக் கண்டு கிளர்ச்சியுறாதிருக்க உடலின் காவற் கலங்களே பழகிக்கொள்கின்றன. மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்து நிறுத்தியபின்னரும் பயன் நீடித்தமை 1999 ஆம் ஆண்டு வெளியான ஆய்வால் நிறுவப்பட்டது. இஸ்ரமினைத் தடுக்கும் மாத்திரைகளோ அன்றாடத் துன்பத்தை மட்டும் தணிப்பன.

ஊசிமுறைக்கு ஆபத்தும் உண்டு. 1957 முதல் இருபத்தாறு மரணங்கள் நேர்ந்ததாகப் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1986 ஆம் ஆண்டு எச்சரித்தபின் அந்நாட்டில் இம்முறை பெரிதும் அருகியது. அதன் விளைவாக நாவின்கீழ் இடும் துளிகளும் மாத்திரைகளும் கவனத்தைப் பெற்றன. 2006 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்த புல் மகரந்த மாத்திரையைப் பருவத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் முன்னதாகத் தொடங்கி, மூன்றாண்டுகள் நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவு வரலாற்றையும் அறியாதார்போல, இன்று பலர் ‘இயற்கை முறை’ என்னும் பெயரிற் சில எளிய வழிகளைக் கைக்கொள்கின்றனர். அவற்றுட் புகழ்பெற்றது தேன். தத்தம் ஊர்த் தேனைப் பருவத்துக்கு முன்பிருந்தே உண்டால் அதிலுள்ள மகரந்தம் உடலைப் பழக்கும் என்பது நம்பிக்கை. நூனின் தருக்கத்தையே இது ஒத்திருக்கின்றது; பிழை தருக்கத்தில் இல்லை, தாவரவியலில் உள்ளது. தேனீ நாடுவது வண்ணமும் மணமும் உடைய மலரை. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டுந் தன்மையது, காற்றிற் பெரிதும் பரவாதது. நோய் தருவதோ காற்றால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் புல், ரக்வீட் போன்றவற்றின் நுண்டூள். 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் முப்பத்தாறு பேரிடம் ஊர்த்தேன், கடைத்தேன், தேன்போற் சுவையூட்டிய பாகு ஆகியவற்றை ஒப்பிட்டபோது வேறுபாடு எதுவுங் காணப்படவில்லை. பின்லாந்தில் 2011 ஆம் ஆண்டு, நோய்க்குக் காரணமான பேர்ச் மரத்தின் மகரந்தத்தைத் தேனிற் கலந்து பருவத்துக்கு முன் கொடுத்தபோது ஓரளவு பயன் தெரிந்தது. தேனைச் சுமைதாங்கியாக்கி உரிய மகரந்தத்தை ஏற்றியபோதே அப்பயன் என்பது நோக்கற்பாலது.

உப்புநீராற் மூக்கைக் கழுவும் யோகநெறிப் பழக்கமான நேதிக்கு இதனினும் வலுவான ஆதாரம் உண்டு. படிந்த மகரந்தத்தை அது கழுவி அகற்றுகின்றது. நோயை மாற்றுவதில்லை எனினும் துன்பத்தைக் குறைக்கின்றது. இதற்குக் கொதித்தாறிய நீரையே பயன்படுத்தல் வேண்டும். 2011 ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்நீரை அவ்வாறே பயன்படுத்திய இருவர் அந்நீரிலிருந்த அமீபாவினால் மூளை தாக்கப்பட்டு இறந்தனர். இயற்கையான நீர், இயற்கையான அமீபா.

இலங்கையிற் புல் பூக்கும் பருவம் ஐரோப்பாவிற்போல் ஆண்டின் சில வாரங்களுக்குள் அடங்குவதன்று. ஆகையால் வைக்கோற் காய்ச்சல் என்னும் சொல் எமது மக்களிடையே அத்துணைப் பழக்கமானதன்று. எனினும் வவுனியாவில் 1999 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டு, யாழ்ப்பாணம் உட்பட வடபகுதியெங்கும் பரவிய பாத்தீனியம், வைமனை வருத்திய ரக்வீட்டின் குடும்பத்தையே சேர்ந்தது. அதன் மகரந்தமும் தும்மலையும் ஆஸ்த்துமாவையும் விளைவிக்கும். அதனைத் தொட்டுப் பிடுங்குவோருக்குத் தோலழற்சியும் உண்டாகும். பழகினால் வலிமை வரும் என எண்ணி வெறுங்கையால் அதனைப் பிடுங்குவது, பிராங்லண்ட் பூச்சியைக் கடிக்கவிட்டதை ஒத்ததாகும். பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு அகற்றுதலே அதற்குரிய ஆயத்தம்.

இனி, பிளாக்லியின் உழவரிடம் மீள்வது அவசியமாகின்றது. 1989 ஆம் ஆண்டு டேவிட் ஸ்ராகன் என்னும் பிரித்தானிய ஆய்வாளர், 1958 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரே வாரத்திற் பிறந்த 17,000 இற்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து, மூத்த சகோதரர் பலரோடு வளர்ந்தோரிடையே வைக்கோற் காய்ச்சல் குறைவெனக் கண்டார். குழந்தைப் பருவத்திற் கிருமிகளோடு பழகாமையே ஒவ்வாமையைப் பெருக்குகின்றதோ என அவர் வினவினார். அதன்பின் சுவிற்சர்லாந்து, ஒஸ்ரியா, ஜேர்மனி ஆகிய நாடுகளின் மலைப்புறங்களில் நடந்த ஆய்வுகள், கால்நடைப் பண்ணையிற் பிறந்த குழந்தைகள் அதே ஊரின் ஏனைய குழந்தைகளினும் மிகக் குறைவாகவே இந்நோய்க்கு ஆளாவதைக் காட்டின. வாழ்வின் முதலாண்டிலேயே தொழுவத்தில் உலவியவர்களிடம் அக்காப்பு மிகுந்திருந்தது. 2016 ஆம் ஆண்டு அமெரிக்காவில், மரபால் நெருங்கிய இரு விவசாயச் சமூகங்கள் ஒப்பிடப்பட்டன. குதிரை பூட்டி உழுது வீட்டருகே மாட்டுத் தொழுவம் வைத்திருக்கும் அமிஷ் மக்களின் சிறுவரிடையே, பொறிகளைக் கொண்டு பெரும் பண்ணை நடத்தும் ஹற்றரைற் மக்களின் சிறுவரிற் காணப்படும் ஆஸ்த்துமாவின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே காணப்பட்டது. அமிஷ் வீட்டுத் தூசியை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவையும் அந்நோயினின்று பாதுகாக்கப்பட்டன.

ஆகவே பிளாக்லி கருதியவாறு உழவனைக் காத்தது மகரந்தப் பழக்கம் மட்டுமன்று. அவன் நடக்கப் பழகுமுன்னரே தொழுவத்துத் தூசியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் அவனுடலை ஆயத்தஞ் செய்துவிட்டன. வளர்ந்தபின் நகரத்தான் பண்ணைக்குச் சென்று தங்குவதால் அக்காப்பைப் பெறுவது அரிது. அத்தூசியில் உள்ள எப்பொருள் இதனைச் செய்கின்றது என்பதும், அதனைப் பிரித்தெடுத்துக் குழந்தைகளுக்குத் தீங்கின்றி அளிக்க இயலுமா என்பதும் இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் ஆராயப்படுகின்றன.